குமரியில் எடுத்த லைசென்ஸ் கடல் கடந்தால்: எந்த வழியில் போவது?

நம் மாவட்டத்துக்காரர்கள் மூவர் அண்மையில் ஏறத்தாழ ஒரே கேள்வியை வெவ்வேறு வடிவில் என்னிடம் கேட்டிருந்தார்கள். ஜெர்மனிக்குச் செவிலியராகப் புறப்படவிருக்கும் மார்த்தாண்டத்துப் பெண்ணுக்கு, தம்முடைய டி.என். 75 லைசென்ஸை அங்கே அப்படியே மாற்றித் தருவார்களா என்று தெரிய வேண்டும். நாகர்கோவிலிலிருந்து பிரிட்டனுக்குப் போய் எட்டு மாதமான பொறியாளர், பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை (ஐ.டி.பி.) வைத்தே தினமும் வேலைக்கு ஓட்டிப் போவதாகவும் வேறு எதுவும் செய்யவில்லை என்றும் எழுதியிருந்தார். மூன்றாமவர் குளச்சல்காரர், துபாயில் வேலை பார்க்கிறார். மனைவிக்கு லண்டனில் வேலை கிடைக்கும்போலிருக்கும் நிலையில், துபாயில் பணம் செலவழித்து லைசென்ஸ் எடுப்பதா, பொறுத்திருப்பதா என்பது அவருடைய குழப்பம்.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துவிட வேண்டும். ஊரில் எல்லோரும் "லைசென்ஸை மாத்துறது" என்றே சொல்கிறோம். ஜப்பான்காரரோ ஸ்விட்சர்லாந்துக்காரரோ ஜெர்மனிக்குப் போனால் அது உண்மையிலேயே மாற்றல்தான். அட்டையைக் கொடுத்தால் அட்டை கிடைக்கும். ஜெர்மனி, பிரிட்டன், அமீரகம் ஆகிய மூன்றும் தேர்வின்றி மாற்றித் தரும் நாடுகளின் பட்டியல் வைத்திருக்கின்றன. மூன்றிலும் இந்தியா இல்லை. ஆகவே நமக்குக் கிடைப்பது அதிகம் போனால் சலுகையோடு கூடிய தேர்வுதான்.

## எதை வைத்து அளப்பது

இந்த முடிவை எடுக்கப் பலரும் கட்டணத்தை மட்டுமே பார்க்கிறார்கள். என் அனுபவத்தில் கட்டணம் நான்காவது இடத்தில் வைக்க வேண்டியது. முதலாவது, அந்த நாட்டில் குடியேறிய நாளிலிருந்து நம் உரிமத்தில் எத்தனை நாள் சட்டப்படி ஓட்டலாம் என்பது. இரண்டாவது, நம்முடைய பழைய உரிமத்துக்காக எதைத் தள்ளுபடி செய்கிறார்கள் என்பது. மூன்றாவது, தேர்வின் மொழி. அதற்குப் பிறகே பணம். அதிலும் விண்ணப்பக் கட்டணத்தைவிடப் பயிற்சி, காப்பீடு, மறுதேர்வு ஆகியவற்றின் செலவே பெரிது. கடைசியாக, நம் இந்திய அட்டை என்ன ஆகும் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் கிறிஸ்துமஸுக்கோ கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கோ ஊருக்கு வரும்போது வண்டி எடுக்காமல் இருப்பவர் நம்மில் குறைவு.

நம்மவர்கள் அதிகம் கேட்கும் நான்கு இடங்களை மட்டும் கீழே தந்திருக்கிறேன்.

| இடம் | நம் உரிமத்தில் ஓட்டக்கூடிய காலம் | பழைய உரிமத்துக்குக் கிடைக்கும் சலுகை | எழுத்துத் தேர்வின் மொழி |
|---|---|---|---|
| ஜெர்மனி | குடியேறியதிலிருந்து 6 மாதம் | கட்டாயப் பயிற்சி இல்லை. இரண்டு தேர்வுகளும் உண்டு | ஜெர்மனும் ஆங்கிலம் உள்ளிட்ட 12 பிற மொழிகளும். தமிழ் இல்லை |
| பிரிட்டன் | குடியேறியதிலிருந்து 12 மாதம் | எதுவும் இல்லை | ஆங்கிலம், வேல்ஸ் |
| துபாய் | குடியிருப்பு விசா வந்ததும் முடிந்துவிடும் | பயிற்சி நேரம் குறையும் | தமிழும் உண்டு |
| கனடாவின் ஒன்டாரியோ | 60 நாள் | தேர்வுகளுக்கு இடையிலான காத்திருப்பு குறையும் | தமிழும் உண்டு |

## முதல் வழி: பன்னாட்டு அனுமதியை வைத்து ஓட்டுவது

நாகர்கோவில் அல்லது மார்த்தாண்டம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 1,000 ரூபாய் கட்டினால் இந்த அனுமதி கிடைத்துவிடும். தேர்வு கிடையாது, ஓராண்டு செல்லும். இவ்வளவு எளிதாகக் கிடைப்பதாலேயே இதன்மேல் அளவுக்கு மீறிய நம்பிக்கை ஏற்பட்டுவிடுகிறது.

இந்த அனுமதி தனியாக ஓர் உரிமம் அன்று. கையிலிருக்கும் இந்திய உரிமத்துக்கு ஒரு மொழிபெயர்ப்பைப் போன்றது. அசல் அட்டை இல்லாமல் இதற்கு மதிப்பில்லை. அதன்மேல் ஓராண்டு என்று அச்சிட்டிருப்பதால் ஜெர்மனியில் ஓராண்டு ஓட்டலாம் என்று நினைப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. அங்கே ஆறு மாதம் என்றால் ஆறு மாதமே. நம் அலுவலகத்தில் அடித்த முத்திரை அந்த நாட்டுச் சட்டத்தை நீட்டாது. துபாயிலோ நிலைமை இன்னும் கறாரானது. சுற்றுலா விசாவில் இருக்கும்வரை இந்த அனுமதியில் வாடகைக் கார் ஓட்டலாம், குடியிருப்பு விசா பதிவான பிறகு அது செல்லாது.

கெடு தாண்டி ஓட்டினால் என்ன ஆகும்? ஜெர்மனியில் உரிமமின்றி ஓட்டுவது குற்றவியல் வழக்கு. அபராதம் அல்லது ஓராண்டு வரை சிறை. ஓட்டியவர் மட்டுமல்லர், தெரிந்தே வண்டியைக் கொடுத்த நண்பரும் அதே பிரிவில் மாட்டுவார். விபத்து நேர்ந்தால் எதிராளிக்குக் காப்பீட்டு நிறுவனம் கொடுத்துவிட்டு, 5,000 யூரோ வரை நம்மிடமிருந்து திரும்ப வசூலிக்கலாம்.

இவ்வளவு சொன்னாலும் இந்த வழியை ஒதுக்கச் சொல்லமாட்டேன். ஆறு மாதத்துக்குள் திரும்பிவிடும் திட்டப்பணிக்காரருக்கும், பிள்ளைகளைப் பார்க்கச் சுற்றுலா விசாவில் போகும் பெற்றோருக்கும் இதுவே போதும். நிரந்தரமாகப் போகிறவர்களும் இதை வாங்கிக்கொண்டே போகலாம். அது முதல் சில மாதங்களைக் கடத்துவதற்கான கட்டுமரம். அதிலேயே கரை சேர்ந்துவிடலாம் என்று இருக்கக்கூடாது.

நாகர்கோவில் பொறியாளருக்கு: உங்களுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். பிரிட்டனில் ஓட்டுத் தேர்வுக்கு நாள் கிடைக்கவே பல மையங்களில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. பன்னிரண்டாம் மாதம் முடிந்த மறுநாள் நீங்கள் எல் போர்டு மாட்டிக்கொண்டு, 21 வயது நிரம்பி மூன்றாண்டு உரிமம் வைத்திருக்கும் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்தே ஓட்ட வேண்டியவர். அப்படி ஒருவர் தினமும் உங்களோடு வேலைக்கு வருவாரா? இந்த வாரமே தற்காலிக உரிமத்துக்கு, அதாவது அங்கே கற்பவருக்குத் தரும் உரிமத்துக்கு, விண்ணப்பித்துவிடுங்கள்.

## இரண்டாம் வழி: நம் உரிமத்தைச் சான்றாகக் காட்டிச் சலுகை பெறுவது

ஜெர்மனிக்குப் போகிறவர்களுக்கு இதுவே சரியான வழி. அங்கே புதிதாக உரிமம் எடுப்பவர் 14 கோட்பாட்டு வகுப்புகளில் உட்கார வேண்டும். அதன்பின் ஊர்ப்புறச் சாலை, அதிவேகச் சாலை, இரவு நேரம் என 12 சிறப்பு ஓட்டங்களை முடிக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து 3,000 யூரோவைத் தொடுவது அங்கே சாதாரணம். செல்லுபடியாகும் இந்திய உரிமம் வைத்திருப்பவருக்கு இந்தக் கட்டாயப் பயிற்சி எதுவும் இல்லை. கண் பரிசோதனையும் ஒருநாள் முதலுதவிப் பயிற்சியும் முடித்து, உரிமத்தின் மொழிபெயர்ப்போடு விண்ணப்பித்து, எழுத்துத் தேர்வையும் ஓட்டுத் தேர்வையும் நேராக எழுதலாம். ஒரு நல்ல செய்தியும் உண்டு: ஆறு மாதம் கடந்துவிட்டால் ஓட்டும் உரிமைதான் போகும், இந்தச் சலுகை போகாது. இது தெரியாமல், கெடு முடிந்துவிட்டதே என்று முழுப் பயிற்சிக்கும் பணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

கட்டாயம் இல்லை என்பதைத் தேவை இல்லை என்று படித்துக்கொண்டதே நான் செய்த பிழை. கருங்கல்–தக்கலை சாலையில் எட்டு ஆண்டுகள் ஓட்டியவன், மார்த்தாண்டம் மேம்பாலம் வருவதற்கு முன் அந்தச் சந்தை நெரிசலில் கிளட்சை மிதித்தே காலம் கழித்தவன் என்ற தைரியத்தில், இரண்டே வகுப்புகளோடு ஓட்டுத் தேர்வுக்குப் போனேன். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. முப்பது கிலோமீட்டர் வேகப் பகுதியில் வீடுகளுக்கு நடுவே ஒரு தெரு. நான் போனது அகலமான சாலை, வலப்புறம் வந்து சேர்ந்தது ஒரு சந்து. எந்தப் பலகையும் இல்லை. அந்தச் சந்திலிருந்து ஒரு சின்னக் கார் மூக்கை நீட்டியது. நான் பெரிய சாலைக்காரன் அல்லவா, அவர் நிற்பார் என்று போனேன். பயிற்சியாளர் தம் பக்கத்து பிரேக்கை மிதித்தார். அவர் கால் வைத்த நொடியிலேயே தேர்வு முடிந்துவிட்டது. பலகை இல்லாத சந்திப்பில் வலப்புறமிருந்து வருபவருக்கே முன்னுரிமை என்பது அங்கே குழந்தைக்கும் தெரிந்த விதி. எழுத்துத் தேர்வில் அதே கேள்விக்குச் சரியாக விடை எழுதியவன்தான் நான். ஆனால் கைக்கும் காலுக்கும் பழகியிருந்ததோ, முதலில் ஆரன் அடித்தவருக்கு வழி என்ற நம் ஊர் விதி.

மறுதேர்வுக்குக் குறைந்தது இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும், கட்டணத்தையும் மறுபடி கட்ட வேண்டும். தேர்வு நாளில் பயிற்சிப் பள்ளியின் வண்டிக்கும் பயிற்சியாளருக்கும் தனிச் செலவு உண்டு. 45 நிமிட வகுப்பு ஒன்றுக்கு 60 யூரோவுக்கு மேல் கேட்கிறார்களே என்று தயங்கியவன், அதைவிட அதிகமாகவே இழந்தேன். பத்து வகுப்பாவது வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். நம் ஊரில் நன்றாக ஓட்டுகிறவர்களுக்குக் கூடுதலாக இரண்டு. புதிதாகக் கற்க வேண்டியவை அவர்களுக்குக் குறைவு, மறக்க வேண்டியவை அதிகம்.

மொழி விஷயத்தில் மார்த்தாண்டத்துச் சகோதரிக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம். 30 கேள்விகளில் பத்துப் பிழைப்புள்ளிகள் வரை மன்னிப்பு உண்டு, ஆனால் ஐந்து புள்ளிக் கேள்விகள் இரண்டில் தவறினால் அந்தப் பத்துக்குள் இருந்தாலும் தோல்விதான். ஓட்டுத் தேர்வில் தேர்வாளர் ஜெர்மனில்தான் பேசுவார். மென்பொருள் வேலைக்குப் போகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். செவிலியர்களோ பணிக்காக ஜெர்மன் படித்துவிட்டே விமானம் ஏறுவதால், 'அடுத்த வளைவில் இடப்புறம்' என்பதைப் புரிந்துகொள்ள அவர்களுக்குச் சிரமம் இருக்காது.

தானியங்கி வண்டியில் தேர்வு கொடுத்தால் கிடைக்கும் உரிமமும் தானியங்கிக்கு மட்டுமே. கியர் வண்டிக்கான கூடுதல் பயிற்சியும் சிறு சோதனையும் முடித்தால் அந்தத் தடை வராது.

ஒன்டாரியோ இதே வகையைச் சேர்ந்தது, அங்கே சலுகையின் வடிவம் வேறு. புதியவர்கள் எழுத்துத் தேர்வுக்கும் ஓட்டுத் தேர்வுக்கும் இடையில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நமக்கு முன் அனுபவம் இருந்தால் அந்தக் காத்திருப்பைக் கழித்துக்கொள்வார்கள். 12 மாதத்துக்கு மேற்பட்ட அனுபவத்தைக் கணக்கில் கொள்ள வேண்டுமானால், உரிமம் வழங்கிய அலுவலகத்திலிருந்தோ தூதரகத்திலிருந்தோ சான்றுக் கடிதம் கேட்பார்கள். கனடாவில் உட்கார்ந்துகொண்டு நாகர்கோவில் அலுவலகத்தில் அதை வாங்க அப்பாவை நான்கு முறை அலையவிடுவதைவிட, புறப்படுமுன் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்வது நல்லது.

## மூன்றாம் வழி: அங்கேயே முதலிலிருந்து எடுப்பது

பிரிட்டனில் வேறு வழியே இல்லை. 34 பவுண்ட் கட்டி இணையவழியில் தற்காலிக உரிமம், 23 பவுண்டில் எழுத்துத் தேர்வு, வார நாளில் 62 பவுண்டில் ஓட்டுத் தேர்வு என்பவை அரசுக் கட்டணங்கள். நம்மைப் போலவே அங்கும் இடப்புறம் ஓட்டுவதால் ஜெர்மனியைவிட உடல் சீக்கிரம் பழகிவிடும். ஆனால் கண்ணாடியைப் பார்ப்பது, தோளைத் திருப்பிப் பார்ப்பது, ரவுண்டானாவில் சரியான தடத்தைப் பிடிப்பது ஆகியவை நம்மவரின் காலை வாரிவிடும். எழுத்துத் தேர்வில் 50க்கு 43 எடுப்பதோடு, திரையில் ஓடும் காட்சியில் ஆபத்து உருவாவதைக் கண்டு சொடுக்கும் பகுதியிலும் 75க்கு 44 எடுக்க வேண்டும். பின்னதைப் பயிற்சியின்றி எழுதுவது வீண்.

மறைவான விலை ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. தேர்ச்சி பெற்ற நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் ஆறு தண்டப்புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் ரத்தாகி, மறுபடி தற்காலிக உரிமத்திலிருந்து தொடங்க வேண்டும். நீங்கள் இங்கே இருபது ஆண்டு ஓட்டியிருந்தாலும் அங்கே புதியவர்தான். பலருக்குக் காப்பீட்டுத் தவணையிலும் அந்தக் கணக்கே தெரியவரும்.

சலுகை உள்ள நாட்டிலும் முழுப் பயிற்சியே மேல் என்று நான் சொல்லும் ஒரு சாரார் உண்டு: ஏஜெண்ட் வழியாகப் போய், மைதானத்தில் பத்தடி ஓட்டிக் காட்டி அட்டை வாங்கிவிட்டு, அதன்பின் ஸ்கூட்டரைத் தவிர எதையும் தொடாதவர்கள். அட்டையில் கார் வகை அச்சாகியிருக்கும். அந்தச் சலுகை அவர்களுக்குப் பணத்தை மிச்சப்படுத்தாது, தோல்விகளை மட்டுமே கூட்டும்.

## வளைகுடா வழியாகப் பிரிட்டன்

குளச்சல்காரருக்கு மட்டும் நான்காவதாக ஒரு வாசல் திறந்திருக்கிறது. தேர்வின்றி உரிமத்தை மாற்றித் தரும் நாடுகளின் பட்டியலில் அமீரகத்தை 2021இல் பிரிட்டன் சேர்த்தது. அமீரகத்தில் தேர்வெழுதி உரிமம் எடுத்தவர், பிரிட்டனில் குடியேறிய ஐந்தாண்டுக்குள் 43 பவுண்ட் கட்டி அதை மாற்றிக்கொள்ளலாம். எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு, மாதக்கணக்கான காத்திருப்பு எதுவும் கிடையாது. உரிமம் தேர்வின் மூலம் கிடைத்ததாக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. இந்தியருக்கு அங்கே தேர்வில்லாமல் கிடைப்பதில்லை என்பது மற்ற நேரத்தில் நமக்குக் குறை. இங்கே அதுவே வசதியாகிறது.

துபாயில் செலவு குறைவு என்று சொல்லமாட்டேன். ஆயிரக்கணக்கான திர்ஹம் ஆகும். ஒவ்வொரு தோல்விக்கும் கூடுதல் வகுப்புகளுக்குப் பணம் கட்ட வேண்டும். ஊரில் எடுத்த உரிமத்துக்கு எத்தனை ஆண்டாயிற்று என்பதைப் பொறுத்துப் பயிற்சி மணிநேரம் குறையும் என்பதால், பழைய அட்டையைக் கட்டாயம் காட்டுங்கள். சொந்த நாட்டு உரிமம் வைத்திருப்பவர்கள் பயிற்சியின்றி ஒரே ஒருமுறை நேரடியாகத் தேர்வு கொடுத்துப் பார்க்கும் 'தங்க வாய்ப்பு' 2023 முதல் துபாயில் உண்டு. வலப்புறம் ஓட்டிப் பழகாதவர் அதில் பணத்தைப் போடுவது லாட்டரிச் சீட்டு வாங்குவதைப் போன்றது. எழுத்துத் தேர்வையும் வகுப்பையும் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம் என்பது பெரிய ஆறுதல்.

மனைவியின் வேலை உறுதியாகி மூன்று மாதத்துக்குள் புறப்படுவதாக இருந்தால், இதைத் தொடங்க வேண்டாம். பாதியில் நிற்கும் பயிற்சிக்கு எங்கும் மதிப்பில்லை. ஆறு மாதமோ ஓராண்டோ ஆகும் என்றால் இன்றே சேருங்கள். கியர் வண்டியில் எடுங்கள். துபாயில் எல்லோரும் தானியங்கிதான் எடுக்கிறார்கள், ஆனால் அங்கே தானியங்கிக்கு எடுத்த உரிமம் பிரிட்டனிலும் தானியங்கியாகவே மாறும்.

## புறப்படுமுன், திரும்பி வரும்போது

எந்த வழியில் போனாலும் ஊரிலேயே முடிக்க வேண்டியவை சில உண்டு. பாஸ்போர்ட்டில் பெயர் விரிவாகவும் லைசென்ஸில் இனிஷியலோடும் இருப்பது நம் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவருக்கு உண்டு. ஞானஸ்நானப் பெயர், வீட்டுப்பெயர், அப்பா பெயர் மூன்றும் மூன்று ஆவணங்களில் மூன்று வரிசையில் நிற்கும். ஜெர்மன் அலுவலரிடம் இனிஷியல் என்றால் என்ன என்று விளக்கி நான் செலவிட்ட ஒரு காலைப்பொழுதை நீங்களும் செலவிட வேண்டாம், மார்த்தாண்டத்திலேயே திருத்திக்கொள்ளுங்கள். காலாவதி நாளையும் பாருங்கள். காலாவதியாகி ஓராண்டு கடந்துவிட்டால், புதுப்பிக்க இங்கேயே மறுபடி தேர்வு கொடுக்க வேண்டியிருக்கும்.

ஜெர்மனியில் புதிய உரிமம் தரும்போது இந்திய அட்டையை வாங்கி வைத்துக்கொள்வார்கள். தொலைந்துவிட்டதாகச் சொல்லி ஊரில் இன்னொரு நகல் எடுத்துக்கொள்ளச் சிலர் யோசனை சொல்வார்கள். பொய் வாக்குமூலத்தில் கையெழுத்திடுவது அது; தேவையும் இல்லை. அட்டை அவர்கள் பெட்டியில் இருந்தாலும் உரிமம் இந்தியாவில் உயிரோடுதான் இருக்கிறது. இந்திய அரசின் டிஜிலாக்கர் செயலியில் இருக்கும் மின்வடிவத்தை நம் காவல்துறை ஏற்க வேண்டும் என்பது சட்டம். பழைய அட்டைகளின் விவரம் சில வேளை கணினியில் ஏறியிருக்காது. தேடும்போது எண் கிடைக்கவில்லை என்றால் அலுவலகத்தில் விண்ணப்பித்து ஏற்றிக்கொள்ளுங்கள்.

டிஜிலாக்கரில் நுழைய ஆதாரோடு இணைந்த கைப்பேசி எண்ணுக்கு ஓ.டி.பி. வரும். போன டிசம்பரில் திருவனந்தபுரத்தில் இறங்கி, களியக்காவிளை தாண்டி வீடு வந்து, அண்ணனின் பைக் சாவியை எடுத்துவிட்டு டிஜிலாக்கரைத் திறந்தபோதுதான், ரீசார்ஜ் செய்யாமல் விட்ட என் சிம் செத்துப்போயிருந்தது தெரிந்தது. அந்த விடுமுறை முழுவதும் கோட்டாறுக்குப் பேருந்தில்தான் போனேன். இப்போது அந்த எண் அம்மாவின் கைப்பேசியில் இரண்டாவது சிம்மாக இருக்கிறது. ரீசார்ஜ் நாள் நெருங்கினால் அம்மாவே அழைத்து நினைவூட்டுகிறார்.